எங்கள் வீட்டு மூச்சுக்காரர்

என் கல்யாண ஆல்பத்தை நான் லேசில் யாருக்கும் காட்டுவதில்லை. காட்டினால், பார்க்கிறவர்கள் கொஞ்ச நேரம் பக்கத்தைப் புரட்டுவார்கள். அப்புறம், "ஏன் எல்லாரும் இப்படி முழிக்கிறாங்க?" என்று கேட்பார்கள். கேட்காமல் என்ன செய்வார்கள்? குடும்பப் படத்தில் இருக்கிற என் அப்பா, இரண்டு சித்தப்பாக்கள், நாத்தனார், அவள் இடுப்பில் இருக்கிற குழந்தை உட்பட அத்தனை பேரும் நெஞ்சை முன்னால் தள்ளி, கன்னத்தை உப்பி, கண்ணைப் பிதுக்கிக்கொண்டு நிற்கிறார்கள். படம் எடுக்கிறவர் "ரெடி" என்றதும், பக்கத்தில் நின்ற புது மாப்பிள்ளை தன்னை மறந்து, "நல்லா மூச்சை இழுங்க, அப்படியே பிடிங்க, ஆடாதீங்க" என்று உரக்கச் சொல்லிவிட்டார். அந்தக் குரலின் ராசி அப்படி. கேட்டவர் பிடித்துவிடுவார்.

அந்த மாப்பிள்ளைதான் எங்கள் வீட்டுக்காரர். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவர். தெருவில் மூச்சுக்காரர் என்று கேட்டால்தான் வீட்டைக் காட்டுவார்கள். ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், நீளமான நடைபாதையின் கோடியில், கதவுக்கு மேலே சிவப்பு பல்பு எரிகிற அறை அவருடையது. கதவுக்குள் ஈயத் தகடு வைத்திருப்பதால், அதைத் தள்ளுவதற்கே இன்னொரு வாய் கூடுதலாகச் சாப்பிட்டுவிட்டு வர வேண்டும். சுவரோரம் நெஞ்சை ஒட்டி நிற்க ஒரு தட்டு. எதிர்ப்பக்கம் கண்ணாடித் தடுப்பு. தடுப்புக்குப் பின்னால் இவர்.

"தாடையைத் தூக்குங்க. கையை இடுப்புல வைங்க. தோளை முன்னாடி கொண்டாங்க. நல்லா மூச்சை இழுங்க... பிடிங்க... ஆடாதீங்க." அப்புறம் மெஷினில் ஒரு 'டொக்'. அப்புறம், "விடுங்க. அடுத்தவங்க வாங்க." காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் இதேதான். இதில் அவருக்கு ஒரு பெருமையும் உண்டு. "பிடிங்கன்னு எவன் வேணா சொல்லலாம்டி. விடுங்கன்னு சொல்ல மறக்காம இருக்கணும் பாரு, அதான் வேலை" என்பார். தன் வாழ்நாளில் ஒருத்தருக்குக்கூட அதைச் சொல்ல மறந்ததில்லை என்று நெஞ்சைத் தட்டிச் சொல்வார். அந்த விஷயத்தில் மனுஷனைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் அதே குரலை வீட்டுக்கும் கொண்டுவந்தால்? "நேரா உக்காருங்க. தட்டைப் பாத்துச் சாப்பிடுங்க. ஆடாதீங்க." மகளுக்குக் காலேஜ் போகிற வயசு. அவள் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு தப்பித்துவிடுவாள். நானோ அவர் சொல்லி ஒன்றையும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் இந்தக் குடும்பம் என்றைக்கோ நடுத்தெருவுக்கு வந்திருக்கும்.

என்னுடையது தையல் வேலை. முன்னறையில் ஜன்னலோரம் என் மெஷின். துணியை மடித்துக் குத்துகிறபோது குண்டூசிகளை வரிசையாக உதட்டில் கவ்விக்கொள்வது என் பழக்கம். கைக்கு எட்டுகிற இடம் அதுதானே. அவருக்கு அதைக் கண்டாலே ஆகாது. "ஒரு நாள் இல்லன்னா ஒரு நாள் முழுங்கப் போற. கடைசில நான்தான் படம் எடுக்கணும்" என்று கத்துவார். வாயில் ஊசி இருப்பதால் "ம்ம்" என்பதற்கு மேல் என்னால் பதில் சொல்ல முடியாது. அதனால்தான் எங்கள் சண்டைகள் சீக்கிரம் முடிந்தன என்று நினைக்கிறேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு நாள், படம் எடுக்கிற நேரத்தில் ஒருத்தர் மூக்கைச் சொறிந்துவிட்டார். இவருக்கு வந்ததே கோபம். "நான் என்ன கல்யாண போட்டோவா எடுக்குறேன்?" என்று கத்தியவருக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பெரிய டாக்டரம்மா இறங்கி வந்து கையில் பட்டையைக் கட்டி பிரஷர் பார்த்தார். பார்த்துவிட்டு இன்னொரு தடவை கட்டினார். இரண்டாவது தடவை கட்டினார் என்று கேட்டபோதே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

என்னையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார். "மாத்திரை எழுதித் தர்றேன்மா. ஆனா மாத்திரை பாதி வேலைதான் செய்யும். இவரு எதுக்கெடுத்தாலும் துடிக்கிறாரு, கத்துறாரு. மூணு மாசம் பாக்குறேன். எறங்கலைன்னா இந்த ரூம் இவருக்கு வேணாம். ரெக்கார்டு ரூம்ல உக்கார வெச்சிடுவேன்."

இவர் முகத்தில் ஈயாடவில்லை. ரெக்கார்டு ரூமில் இருப்பது ஃபைல்கள். ஃபைல்களிடம் போய் யாரை மூச்சுப் பிடிக்கச் சொல்வார்? அந்த அறை போனால் மனுஷன் பாதியாகிவிடுவார் என்று எனக்குத் தெரியும். போகாமல் இருந்து, கத்திக் கத்தி அந்த அறையிலேயே ஒரு நாள் விழுந்துவிட்டால்? சும்மா சொல்லக் கூடாது, எனக்கு அந்தப் பயம்தான் பெரிதாக இருந்தது.

டாக்டரம்மாவே ஒரு இடத்தையும் சொன்னார். கடைத்தெருவில் கட்டில், மேஜை விற்கிற கடைக்கு மேல் மாடியில் ஒரு கூடம். அங்கே சாயங்காலம் மூச்சைக் கவனிக்கச் சொல்லிக் கொடுக்கிறார்களாம். இவர் விழுந்து விழுந்து சிரித்தார். "எனக்கா? மூச்சா? அவங்க வேணா வந்து எங்கிட்ட கத்துக்கட்டும்" என்றார். விட்டால் நழுவிவிடுவார் என்று முதல் நாள் நானே கையைப் பிடித்து மாடிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

டீச்சரம்மா வத்தலாக இருந்தார். நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்தார். முன்னே நீச்சல் கற்றுக்கொடுத்தவராம். அத்தனை வருஷம் தண்ணீரோரம் நின்று கத்தியதில் குரல் தேய்ந்து, இப்போது பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே பாதிதான் கேட்கும். பாயில் எல்லோரும் உட்கார்ந்ததும், "கண்ணை மூடிக்கோங்க. மூச்சு வருது, போகுது. நீங்க ஒண்ணும் பண்ணாதீங்க. சும்மா பாருங்க" என்றார். கடைசி வரிசையில் இருந்த கட்டில் கடைக்காரர் பக்கத்து ஆளிடம், "என்ன சொல்றாங்க? எனக்கு ஒண்ணுமே கேக்கல" என்று முணுமுணுத்தார்.

அது இவர் காதில் விழுந்துவிட்டது. தன் முன்னால் ஒருத்தர் என்ன செய்வது என்று தெரியாமல் நிற்பதை எங்கள் வீட்டுக்காரரால் தாங்க முடியாது. மூடிய கண் மூடியபடி, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து வருகிற அதே குரலில், "நல்லா மூச்சை இழுங்க... பிடிங்க... ஆடாதீங்க" என்றார். கூடம் முழுவதும் கப்சிப். அத்தனை பேரும் நெஞ்சை விரித்துப் பிடித்துவிட்டார்கள். எனக்கு அந்தக் குரல் பழகிப்போனதால் நான் மட்டும் பிடிக்கவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தால், என் கல்யாண ஆல்பம் உயிரோடு வந்து பாயில் உட்கார்ந்திருக்கிறது. இவர் நாக்கால் ஒரு 'டொக்' போட்டார். "விடுங்க. அடுத்தவங்க வாங்க" என்றார். கட்டில் கடைக்காரர் எழுந்து, சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே முன்னால் வந்துவிட்டார்.

எனக்கு மானமே போயிற்று. டீச்சரோ கோபப்படவில்லை. கண்ணில் தண்ணீர் வரும்வரை சத்தமில்லாமல் சிரித்தார். வகுப்பு முடிந்து எல்லோரும் போனபிறகு இவரைக் கூப்பிட்டு எதிரில் உட்கார வைத்தார்.

"அவங்களை விடுங்க. உங்க மூச்சை நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேனே. இழுன்னேன், இழுத்துச்சு. விடுன்னேன், விட்டுச்சு. நல்ல ஒத்துழைப்பு."

"நீங்க எதுக்குச் சொல்றீங்க?"

"சொல்லலைன்னா அது எப்படி டீச்சர் வரும்?"

"அப்போ தூங்கும்போது யாரு சொல்றாங்க?"

இவர் திரும்பி என்னைப் பார்த்தார். என்னை ஏன் பார்க்க வேண்டும்? "நான் சொல்றதில்லப்பா" என்றேன்.

டீச்சர் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "பொறந்த அன்னைக்கு மொத மூச்சை நீங்க கேட்டு வாங்கல. கடைசி மூச்சும் உங்களைக் கேட்டுட்டுப் போகப் போறதில்ல. நடுவுல மட்டும் எல்லாத்தையும் நான்தான் நடத்துறேன்னு எதுக்கு இவ்ளோ பாரம்? அதுபாட்டுக்கு வரட்டும். வந்தா ஒரு நன்றி, போனா ஒரு நன்றி. அதுக்கு மேல நம்ம வேலை ஒண்ணும் இல்ல. அந்த ஒரு இடத்துல உக்காந்தே சாமியைப் பாத்தவங்க இருக்காங்க."

படி இறங்கும்போது இவர், "எத்தனை நெஞ்சைப் பாத்திருக்கேன். ஒரு படத்துலயாவது சாமி தெரிஞ்சிருக்கா?" என்றார். ஆனால் அடுத்த நாள் நான் இழுக்காமலே கிளம்பிவிட்டார். ரெக்கார்டு ரூம் பயம் வேலை செய்தது.

சில நாள் கழித்து டீச்சர் இவர் முதுகில் கையை வைத்துப் பார்த்தார். "உங்களுக்கு மூச்சு நடுநடுவுல நின்னுடுதே, ஏன்?" என்று கேட்டார். இவர் முதலில் மழுப்பினார். அப்புறம் சொன்னார். "பழக்கம்தான் டீச்சர். பிடிங்கன்னு சொல்லும்போது நானும் கூடவே பிடிச்சுக்குவேன். வர்றவங்க பாதிப் பேரு முடியாதவங்க. எவ்ளோ நேரம் தாங்குவாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு முட்டுச்சுன்னா அவங்களுக்கும் முட்டும். உடனே விடுங்கன்னு சொல்லிடலாம்ல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்த மனுஷனோடு குடித்தனம் பண்ணுகிறேன், இது எனக்குத் தெரியாது. எவர் எவரோ இருமிக்கொண்டு வருகிறார்கள், நிற்கிறார்கள், போகிறார்கள். ஒவ்வொருத்தரோடும் சேர்ந்து இவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார், நாள் முழுவதும். பிரஷர் ஏறாமல் என்ன செய்யும்? அன்றைக்கு அவர்மேல் எனக்கு வந்த பிரியத்தை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வார்.

உட்காரத்தான் செய்தார். வீட்டில் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை முன்னறை நடுவில் பாயைப் போட்டுக்கொண்டு தியானம் ஆரம்பித்தார். அந்த நேரத்தில் என் மெஷின் ஓடக் கூடாது. குக்கர் விசில் அடிக்கக் கூடாது. குழாய் சொட்டக் கூடாது. மகள் நகம் வெட்டினால்கூட ஒரு கண்ணைத் திறந்து பார்ப்பார். ஒரு நாள் பக்கத்து வீட்டில் யாரோ ஆணி அடித்தார்கள். இவர் பாயிலிருந்து ஒரு துள்ளு துள்ளி ஜன்னலுக்குப் போய், "சத்தம் போடாதீங்க! இங்க ஒரு மனுஷன் நிம்மதியா இருக்கான்ல!" என்று கத்தினார். அடித்த ஆணி பாதியில் நின்றது.

"அப்பா, உங்க நிம்மதி தெருமுனை வரைக்கும் கேக்குது" என்றாள் மகள்.

கொஞ்ச நேரம் போனால் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவார். குறட்டை சீராக வரும். நானும் மகளும், அந்த டீச்சர் சொன்னது இதுதானோ என்று எட்டிப் பார்ப்போம். யாரும் கட்டளை போடாமல் மூச்சு அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். விழித்துக்கொண்டதும், "இன்னைக்கு ரொம்ப ஆழமா போயிட்டேன்" என்பார். மறுபடி கண்ணை மூடி, "இழு... ம்... விடு" என்று தனக்குத்தானே முணுமுணுப்பார். மூன்று மாசத்தில் பெரும்பகுதி இப்படியே ஓடிவிட்டது. "கண்ணை மூடி மூச்சைப் பாத்தா, உடனே வாய் இழுன்னு சொல்லிடுது டீச்சர். மூச்சு எப்போ தானா வரும்?" என்று டீச்சரிடம் கேட்டாராம். "நீங்க கேக்குறதை விட்டதும் வரும்" என்றாராம் அவர். "இந்தம்மா என்னை வெச்சு வேடிக்கை பாக்குது" என்று வீட்டுக்கு வந்து என்னிடம் பொருமினார்.

இந்தக் கூத்துக்கு நடுவில் எனக்கு இருமல் வந்தது. வந்தது போகவில்லை. தைக்கிறபோது வரும், படுத்தால் வரும். பிரஷர்காரர் காதில் போட்டால் துடித்துப்போவார், டாக்டரம்மா பார்க்கப் போகிற நாள் வேறு நெருங்கிவிட்டது. அதனால் நான் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. அவர் பாயில் உட்காரும்போது சமையலறைக்குப் போய்த் துண்டை வாயில் வைத்து இருமிவிட்டு வருவேன். போட்டுக்கொடுத்தது என் மகள். "அம்மா ரொம்ப நாளா இருமுறாங்கப்பா. உங்களுக்குத் தெரியாம இருமுறாங்க."

கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. என் முகத்தைப் பார்த்தார், மெஷின் மேல் கிடந்த குண்டூசி டப்பாவைப் பார்த்தார். "நாளைக்குக் காலைல எங்கூட வா" என்றார். மறுநாள்தான் அவரை டாக்டரம்மா பார்க்கப் போகிற நாள்.

அத்தனை வருஷத்தில் அந்தச் சிவப்பு பல்புக்குக் கீழே நான் நோயாளியாகப் போனது அதுதான் முதல் தடவை. துணி மாற்றுகிற மறைவில் வழக்கமாக ஒரு அம்மா இருந்து பெண்களுக்கு உதவி செய்வாராம். அவர் அன்றைக்கு லீவு. கொக்கியில் ஒரு நீல அங்கி தொங்கியது. அதை ஒரு தையல்காரி பார்க்கக் கூடாது. முன்பக்கம் கட்டுகிற நாடா ஒன்று பிய்ந்து போயிருக்கிறது, மடிப்பு பிரிந்து நூல் தொங்குகிறது. எவர் தைத்தாரோ, அவர் கையை உடைக்க வேண்டும். சங்கிலி, தோடு, வளையல் எல்லாவற்றையும் கழற்றிப் பையில் போட்டேன். தைத்தவரைத் திட்டிக்கொண்டே அங்கியை மாட்டிச் சரிபண்ணிக்கொண்டு வெளியே வந்தேன்.

"செயின், தோடு, ஹூக்கு, பின்னு எல்லாம் எடுத்தாச்சா?" என்று தடுப்புக்குப் பின்னாலிருந்து கேட்டார். யாரோ மூன்றாம் மனுஷியிடம் கேட்பதைப் போலக் கேட்டது எனக்கு எரிச்சலாக இருந்தது.

"ஆச்சு, ஆச்சு. எடுங்க."

"தாடையைத் தூக்கு. கையை இடுப்புல வை. தோளை முன்னாடி கொண்டா." தட்டு ஜில்லென்று இருந்தது. "நல்லா மூச்சை இழு... பிடி... ஆடாத."

பிடித்தேன். 'டொக்' என்றது.

விடு என்று சொல்லவில்லை.

சரி, இன்னும் முடியவில்லை போலிருக்கிறது என்று நின்றேன். சுவரில் மின்விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது. இன்னும் சொல்லவில்லை. ஒருவேளை எனக்கு மட்டும் பெரிய படமாக எடுக்கிறாரோ? மார்பு முட்டியது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்தேனா என்று ஒரு யோசனை வந்தது. காதில் 'கொய்ங்' என்றது. கண்ணெதிரே புள்ளி புள்ளியாக மிதந்தது. அப்போதும் விடவில்லை நான். கடைசியில் இருமல்தான் என்னைக் காப்பாற்றியது. அது பொத்துக்கொண்டு வந்ததும் தட்டைப் பிடித்துக்கொண்டு இருமித் தீர்த்துவிட்டு, "ஏங்க, ஆளைக் கொல்லப் பாக்குறீங்களா?" என்று திரும்பினேன்.

கண்ணாடிக்குப் பின்னால் அவர் நின்றார். கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தபடி நின்றார். முகம் கறுத்துச் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்திருந்தது. நெஞ்சு விரிந்தது விரிந்தபடி இருக்கிறது. மனுஷன் இன்னும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

எனக்கு உயிரே போய்விட்டது. அங்கி தடுக்கத் தடுக்கத் தடுப்பைச் சுற்றி ஓடி, அவர் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினேன். "என்னங்க! விடுங்க! மூச்சை விடுங்க!"

விட்டார். ஒரு பெரிய சத்தத்தோடு வெளியே போயிற்று. அப்புறம் ஒரு கணம் ஒன்றுமில்லை. அந்தக் கணத்தில் நான் கும்பிடாத தெய்வம் இல்லை. அப்புறம் உள்ளே வந்தது, தானாக, குழந்தை அழப்போகும்போது இழுக்குமே, அப்படி. வந்ததும் அழ ஆரம்பித்துவிட்டார்.

"ஊசி" என்றார். "நெஞ்சுக்குள்ள ஊசிடி."

திரையைப் பார்த்தேன். என் விலா எலும்புகளுக்கு நடுவில், வலதுபக்கம், பளிச்சென்று ஒரு குண்டூசி. கொண்டையோடு. "மூச்சுக்குழாய்ல எது போனாலும் வலப்பக்கம்தான் போகும்" என்று விம்மினார். "எத்தனை தடவை சொன்னேன். எத்தனை தடவை." எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அத்தனை நாள் இருமலும் அதுதான் என்று அந்த நிமிஷமே தோன்றிவிட்டது. உள்ளே குத்துகிற மாதிரிகூட இருந்தது.

சொன்ன நேரத்துக்கு இவர் மேலே வரவில்லை என்று டாக்டரம்மாவே பட்டையும் கையுமாகக் கீழே வந்தார். வந்து பார்த்தால் அங்கி போட்ட பெண்டாட்டியும் அழுகிற புருஷனும் ஒருத்தரை ஒருத்தர் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். திரையைப் பார்த்தார். "ம்" என்றார். "பக்கவாட்டுல ஒண்ணு எடுங்க. ஊசி எங்க இருக்குன்னு அதுலதான் தெரியும்."

"என்னால முடியாது டாக்டர். கை நடுங்குது."

"நீங்களே எடுங்க" என்றேன் நான். "வேற யாராவது சொன்னா எனக்கு மூச்சுப் பிடிக்க வராது."

நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடினார். இழு என்று சொல்வார், முணுமுணுப்பார் என்று பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தார். நெஞ்சு ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. கை நடுக்கம் குறைந்ததும் எழுந்து வந்து என்னைப் பக்கவாட்டில் நிறுத்தி, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கச் சொன்னார். "இழும்மா... பிடி..." 'டொக்' என்ற சத்தம் அடங்குவதற்குள், "விடு, விடு, விடு" என்று மூன்று தடவை சொன்னார்.

படம் வந்தது. என் நெஞ்சு பக்கவாட்டில் தெரிந்தது. ஊசியும் தெரிந்தது. ஆனால் நெஞ்சுக்குள்ளே இல்லை. தோலுக்கு வெளியே, காற்றில் நின்றது.

டாக்டரம்மா திரும்பி என்னைப் பார்த்தார். கிட்டே வந்தார். அங்கியின் முன்பக்கம் நாடா பிய்ந்த இடத்தில் மடிப்பைத் தூக்கிப் பார்த்தார். உள்மடிப்பில், வெளியே தெரியாதபடி, தொழில் சுத்தமாக ஒரு குண்டூசி குத்தியிருந்தது.

என்ன சொல்வது? சத்தியமாக நான் குத்தவில்லை. என் கை குத்தியிருக்கிறது. பிய்ந்த துணியைக் கண்டால் புடவைத் தலைப்பில் எப்போதும் இருக்கிற ஊசியை எடுத்துக் குத்துவது அதன் பழக்கம். என்னிடம் அது கேட்பதும் இல்லை, சொல்வதும் இல்லை. நாடாவைத் தைக்காமல் விட்டது யார் குற்றம் என்று கேட்டேன். டாக்டரம்மா மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இவர் அழுதுகொண்டே சிரித்தார். நானும் இருமிக்கொண்டே சிரித்தேன். வெளியே வரிசையில் நின்றவர்கள் சிவப்பு பல்பைப் பார்த்துக்கொண்டு என்ன நினைத்தார்களோ தெரியாது.

"நுரையீரல் சுத்தமா இருக்கும்மா" என்றார் டாக்டரம்மா. "பஞ்சுத் தூசி தொண்டையை அறுக்குது. தைக்கும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கோங்க. வாய்ல இனிமே ஊசி வேணாம்." அப்புறம் இவரைப் பார்த்து, "இன்னைக்கு உங்களுக்குக் கட்டினா என் பட்டை கிழிஞ்சிடும். அடுத்த வாரம் வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் கட்டினார். ஒரு தடவைதான் கட்டினார். முழுசாக இறங்கவில்லையாம், ஆனால் நன்றாக இறங்கியிருக்கிறதாம். மாத்திரையை விடாதீர்கள், வகுப்பையும் விடாதீர்கள், அறை உங்களுக்குத்தான் என்று சொல்லிவிட்டார். இவர் வருகிற வழியிலேயே ஒரு காந்தக் கிண்ணம் வாங்கி வந்து என் மெஷின் மேல் வைத்தார். ஊசியைப் போட்டால் கப்பென்று பிடித்துக்கொள்கிறது. அதனால் என் வாய் இப்போது நாள் முழுவதும் காலியாக இருக்கிறது. வாங்கி வைத்தவர் அதை யோசிக்கவில்லை. இனி அனுபவிக்கட்டும்.

அன்று சாயங்காலம் பாயை நடு அறையில் போடாமல் என் மெஷின் பக்கத்தில் சுவரோரம் போட்டுக்கொண்டார். "நீ தைச்சுக்கோ, எனக்கு ஒண்ணும் இல்ல" என்றார். தைத்தேன். கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தார். அப்புறம், "அன்னைக்கு நீ வந்து விடுங்கன்னு கத்தினியே, அப்புறம் உள்ள வந்துச்சே ஒரு மூச்சு, அதை நான் இழுக்கல. அதுவா வந்துச்சு" என்றார். "எனக்கு அப்போ இழுன்னு சொல்லணும்னுகூடத் தோணல. டீச்சர் கிட்ட சொன்னேன். அவங்க என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க."

"நல்லதாப் போச்சு" என்றேன்.

"அது சரி. எனக்கு ஒண்ணு புரியல. இத்தனை வருஷத்துல அன்னைக்குத்தான் நான் விடுன்னு சொல்ல மறந்தேன். நீ எதுக்கு விடாம நின்ன? இந்த வீட்ல நான் சொல்லி எதையாவது கேட்டிருக்கியா நீ?"

நறுக்கென்று ஒரு பதில் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வாயில் ஊசியும் இல்லை, தடுப்பதற்கு ஒன்றும் இல்லை. ஆனால் வந்தது வேறு.

"நீங்க சொல்லுவீங்கன்னுதான் நின்னேன்" என்றேன்.

நான் மெஷினை நிறுத்தினேன். பக்கத்து வீட்டில் யாரோ ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள், இவர் கண்ணைத் திறக்கவில்லை. அவர் மூச்சு வருவதும் போவதும் எனக்கு நன்றாகக் கேட்டது.